டிஜிட்டல் பியானோவுக்கு எந்த ஒலிபெருக்கி?

நம் பிள்ளைகளில் பலர் இப்போது டிஜிட்டல் பியானோ கற்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் கணீரென்று கேட்கும் கருவி, 250 பேர் அமரும் அரங்கில் பாதி தூரம்கூட எட்டுவதில்லை. குற்றம் கருவியினுடையது அல்ல. வீட்டு உபயோகத்துக்கான மாடல்களில் உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தலா 10, 20 வாட்தான். விழா நடத்துபவர்கள் வெளியிலிருந்து ஒலிபெருக்கி வைத்தே ஆகவேண்டும். எதை வைப்பது என்பதில்தான் குழப்பம்.

88 கட்டைகள் கொண்ட பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் விநாடிக்கு 27.5 அதிர்வுகள், மிக உயர்ந்தது 4186. அதற்கு மேலும் துணை அதிர்வுகள் உண்டு. பேச்சுக்கு இவ்வளவு அகலம் தேவையில்லை. ரயில்வே தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்தபோது ஸ்டேஷன் அறிவிப்புக்கு ஹார்ன் ஸ்பீக்கர்கள் பொருத்தியிருக்கிறேன். அத்தனை இரைச்சலிலும் வண்டி எண் தெளிவாக விழும். அதிலேயே பாட்டுப் போட்டால் தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருக்கும். சொற்பொழிவுக்காகச் சுவரில் மாட்டும் ஸ்பீக்கர்களிலும் பலவற்றுக்கு இதே குறை உண்டு. கிதார் ஆம்ப்ளிஃபயரும் உதவாது. அதன் ஸ்பீக்கர் சுமார் 5000 அதிர்வுகளுக்கு மேல் வெகுவாகக் குறைந்துவிடும். பியானோ கம்பளிக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்கும்.

ஏற்றது, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள 'பவர்டு ஸ்பீக்கர்'. 12 அங்குல ஊஃபரும் தனி ட்வீட்டரும் இருக்கட்டும். இந்த அளவு அரங்குக்கு இரண்டு போதும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை ஒதுக்கிவிட்டு, ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள். சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கையிருப்பு அவசியம். கட்டையை ஓங்கி அழுத்தும் கணத்தில் ஒலி, சராசரியைவிட 10 டெசிபலுக்கு மேல் எழும். சராசரிக்கு 10 வாட் செலவானால், அந்தக் கணத்துக்கு 100 வாட் கேட்கும். அது இல்லையென்றால் ஒலி கரகரக்கும். ட்வீட்டர் எரிந்துபோகவும் கூடும். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 200 வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் நிம்மதி.

இனி, இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. மைக்கைப் பியானோவின் முன் வைக்காதீர்கள். 'லைன் அவுட்' துளையிலிருந்து நேராக வயர் எடுத்தால் ஊளைச் சத்தத்துக்கு இடமில்லை. ஒரே வயர் என்றால் 'எல்/மோனோ' என்று குறித்த துளையில் செருகவும்.

2. வயர் 20 அடிக்கு மேல் போனால் இடையில் டி.ஐ. பாக்ஸ் வைக்கவும். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள்; அது உயிர் காப்பது.

3. முதலில் பியானோ, பிறகு மிக்ஸர், கடைசியில் ஸ்பீக்கர் என்று ஆன் செய்யவும். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

4. ஸ்பீக்கர்களை மேடையின் முன்விளிம்பில் இருபுறமும் ஸ்டாண்டில் வையுங்கள். ட்வீட்டர், அமர்ந்திருப்பவர் தலைக்கு மேல் இருக்கட்டும். தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும். பின்வரிசைக்கு ஒன்றும் எட்டாது.

5. குழந்தைக்குத் தன் வாசிப்பு கேட்க வேண்டும். பியானோவின் சொந்த ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். ஹெட்ஃபோன் துளையில் வயர் செருகினால் பெரும்பாலான கருவிகளில் அது தானே அணைந்துவிடும்.

ஒத்திகையன்று அரைமணி நேரம் ஒதுக்கி, கடைசி வரிசையில் ஒருவர் அமர்ந்து கேட்கட்டும். குழந்தையை மிக மெதுவாக வாசிக்கச் சொல்லி அளவை வையுங்கள். பிறகு ஓங்கி வாசிக்கச் சொல்லிக் கரகரப்பு இல்லையா என்று பாருங்கள். கூட்டம் நிறைந்தால் ஒலியைச் சற்று உறிஞ்சும். அன்று கொஞ்சம் கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். மெதுவாகவும் ஓங்கியும் வாசிக்க விரலைப் பழக்கத்தான் அந்தக் குழந்தை இத்தனை வருடம் உழைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கிவிட்டால் அந்த உழைப்பு யார் காதிலும் விழாது.