கையை விடாதீங்க வாப்பா!

"வாப்பா, கையை விடாதீங்க! விட்டிடாதீங்க வாப்பா!"

இந்தக் குரல் கேட்காத வீதி நம் ஊர்களில் உண்டா? ஒரு கையால் சீற்றையும் மறு கையால் ஹாண்டிலையும் பிடித்துக்கொண்டு, சாரனை மடித்துக் கட்டியபடி மூச்சிரைக்க ஓடும் தகப்பன். முன் சில்லையே பார்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் விறைத்துப்போய் மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் அது உயிர்ப் பிரச்சினை.

அப்படி ஓடிய தகப்பன்மாரில் நானும் ஒருவன். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவர்களில் பொறுமை குறைந்த ஒருவன்.

2021ஆம் ஆண்டு. மகளுக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் மூன்று நாள் பின்னேரம் பழக்கினேன். மூன்றாம் நாள் மதிலோடு மோதி விழுந்தாள். முழங்கால் உரசி இரத்தம். தூக்கி விடுவதற்கு முன்னரே என் வாய் திறந்துவிட்டது. "எத்தனை தரம் சொல்றது? உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளெல்லாம் ஓடுது, உனக்கு மட்டும் மண்டையில ஏறல்லயா?" அயல் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் அழவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் குசினிச் சுவரில் சாத்தினாள். அதன் பிறகு ஒரு வருடம் அதைத் தொடவேயில்லை. "பிள்ளைக்குச் சைக்கிள் பயம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் மனைவி சொன்னாள்:

"சைக்கிளுக்கு அவள் பயப்படல்ல. உங்களுக்குத்தான் பயப்படுறாள்."

எண்ணெய் இல்லாத நாட்கள்

2022ஆம் ஆண்டை இலங்கையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டது. ஜூன் கடைசியில், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. மூடிக் கிடந்த பாடசாலைகள் ஜூலை 25இல், வாரத்தில் மூன்று நாட்களுக்கென்று திறந்தன. ஆனால் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஓட்டோக்கள் ஓடவில்லை. மகளின் பாடசாலை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால். ஊரே சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. பழைய சைக்கிளுக்கும் புதிய சைக்கிளின் விலை கேட்டார்கள். எங்கள் வீட்டிலோ நல்ல சைக்கிளொன்று குசினிச் சுவரோடு துருப்பிடித்து நின்றது.

அந்த நாட்களில் மீன் வாங்கச் சல்லிக்குச் சைக்கிளிலேயே போய் வருவேன். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் உப்புவெளியைத் தாண்டிச் சாம்பல்தீவுப் பக்கம் போய்க் கடலை நோக்கித் திரும்பினால் சல்லி. கடலோரத்து முத்துமாரி அம்மன் கோயிலால் பெயர் பெற்ற மீனவக் கிராமம். அங்கே எனக்கு நெடுநாள் பழக்கமான அண்ணன் ஒருவர் இருக்கிறார். மண்ணெண்ணெய் கிடைக்காததால் அவருடைய படகும் கரையில் ஏறிக் கிடந்தது. வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் மகளின் கதையைச் சொன்னேன்.

"பிள்ளையை ஒருக்கா இங்க கூட்டிட்டு வாங்க மாஸ்டர். வெயில் தாழ்ந்த பிறகு" என்றார்.

கடலைப் பாருங்க மாஸ்டர்

மறுநாள் மகளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அண்ணன் தன் மகளின் சின்னச் சைக்கிளை எடுத்து வந்தார். முதல் வேலையாக ஸ்பானரை எடுத்து இரண்டு பெடலையும் கழற்றினார். அடுத்து, பிள்ளையின் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும்வரை சீற்றைத் தாழ்த்தினார்.

"இண்டைக்கு மிதிக்கிற வேலையே இல்ல, பிள்ளை. சும்மா இருந்துகொண்டு நட" என்றார்.

இறுகிய தரையுள்ள, மிக இலேசாகச் சரிந்த இடமொன்றை அவளுக்குக் காட்டினார். பிறகு செய்ததுதான் எனக்குப் புதினம். வந்து தன் வலையோடு உட்கார்ந்துவிட்டார்! நான் எழும்பி எழும்பிப் பார்த்தேன். என்னையும் பக்கத்தில் இருத்தினார்.

"நீங்க கடலைப் பாருங்க மாஸ்டர். அங்க பார்க்க வேணாம்."

"விழுந்துட்டா?"

"இரண்டு காலும் நிலத்தில கிடக்கு. எங்க விழப்போறாள்?"

அரை மணித்தியாலம் அவள் சைக்கிளில் இருந்தபடியே நடந்தாள். இன்னும் கொஞ்சம் என்று அவள் கேட்கும்போதே அண்ணன் நிறுத்திவிட்டார். ஆசை இருக்கக்குள்ளேயே நிறுத்தினால்தான் நாளைக்கும் வருவாளாம்.

இரண்டாம் நாள் நடை எட்டாயிற்று. மூன்றாம் நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் வழுக்கிப் போனாள். நான்காம் நாள் எங்களைத் தாண்டியே போனாள். ஐந்தாம் நாள் போனதும் போகாததுமாக, "பெடலைப் பூட்டித் தாங்க மாமா" என்று அவளே கேட்டாள். அன்று ஒரு தரம் விழுந்தாள். நான் பாய்ந்து எழும்ப, அண்ணன் என் கையைப் பிடித்து இருத்தினார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். ஆறாம் நாள் ஓடினாள். அல்ஹம்துலில்லாஹ்!

"இவ்வளவு சபூர் எங்க படிச்சீங்க?" என்று அன்று பின்னேரம் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. பிறகு கடலைக் காட்டினார்.

"2004 மார்கழி 26க்குப் பிறகு என்ர பிள்ளைகள் கடல் பக்கம் முகம் திருப்பாதுகள். அலைச் சத்தம் கேட்டாலே ஓடும். கடலை நம்பிச் சாப்பிடுற வீடு. ஏசி, இழுத்துக்கொண்டு வந்திருந்தா கடைசி வரைக்கும் வந்திருக்காதுகள். முதல்ல தூரத்தில கொண்டுபோய் இருத்தினன். பிறகு கொஞ்சம் கிட்ட. பிறகு கால் நனைய. அதுகளா இறங்க எத்தனையோ மாசம் போச்சு மாஸ்டர். இது ஆறு நாள்தானே!"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

சைக்கிள் ஏன் நிமிர்ந்து நிற்கிறது?

அண்ணன் எந்தப் புத்தகத்தையும் பார்த்துப் பெடலைக் கழற்றவில்லை. ஆனால் சைக்கிளின் வரலாறே அவர் பக்கம்தான் நிற்கிறது. ஜேர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் 1817இல் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் நிலத்தை உந்தி உந்திப் போனார்கள். 1860களில்தான் பிரான்சில் பெடல் வைத்த வண்டிகள் பரவலாக வந்தன. மனிதர்கள் முதலில் சமநிலையைப் பழகினார்கள். மிதிக்கப் பழகியது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. நாமோ இரண்டையும் ஒரே பின்னேரத்தில் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்கிறோம்.

சமநிலையின் இரகசியம் ஒன்றுதான். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துக்கே ஹாண்டிலைச் சற்றுத் திருப்ப வேண்டும். அப்போது சில்லுகள் சாயும் உடம்புக்குக் கீழே வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். பயந்த பிள்ளை எதிர்ப்பக்கம் திருப்பும், அதனால் விழும். இதை வாயால் சொல்லி விளங்க வைக்க முடியாது. உடம்பு தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது எப்படிக் கண்டுபிடிக்கும்? இரு பக்கமும் சின்னச் சில்லுகள் பூட்டிப் பழக்குவதிலும் இதே குறைதான். மிதிக்கப் பழகுவார்கள், சாய்வைச் சமாளிக்கப் பழகமாட்டார்கள்.

வேகமும் வேண்டும். மெதுவாகப் போகும் சைக்கிள்தான் அதிகம் தள்ளாடும். "மெள்ள, மெள்ள" என்று நாம் கத்துவது பிள்ளையை விழுத்துவதற்கே உதவுகிறது.

புதுக்கோட்டையின் பெண்கள்

பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்க ஊக்கம் கொடுத்தார். கூலிப் பெண்கள், கல்லுடைப்பவர்கள், ஆசிரியைகள், தாதிமார் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்த் திடலில் கூடுவார்கள். நேற்றுப் பழகியவள் இன்று பழக்குபவள். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டையில் 1500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

இன்னொரு சுவையான செய்தி. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போகவே ஆண்களின் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு அதையே விரும்பினார்கள். நடுவிலுள்ள பாரில் குழந்தையை இருத்திச் செல்லலாம் அல்லவா! தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் நிலை மாறியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பீகார் மாநிலத்தில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். எங்கள் வீட்டுக் கதையும் அந்த மூன்று கிலோமீற்றர்தானே!

பெற்றோர் கவனத்துக்கு

1. பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வலப்பக்கப் பெடல் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருகினால் கழலும். இடப்பக்கப் பெடலுக்கு மரை மறுபுறம். முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். பலவந்தப்படுத்தி மரையைப் பழுதாக்கிவிடாதீர்கள்.

2. பெரிய சைக்கிளாக வாங்கினால் வளர்ந்த பிறகும் உதவும் என்று எண்ணாதீர்கள். கால் நிலத்தில் எட்டாத பிள்ளைக்குப் பயம் போகாது.

3. புழுதி மணலில் சில்லு புதையும். தார் வீதியில் வாகனம் வரும். இறுகிய மண் திடல் நல்லது.

4. மிதிப்பதற்கு முன் பிரேக்கைப் பழக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

5. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் பிள்ளையின் தோளைப் பிடியுங்கள். ஹாண்டிலைத் தொடாதீர்கள். விடப்போகிறீர்கள் என்றால் சொல்லிவிட்டு விடுங்கள். ஏமாற்றி விட்டால் அடுத்த தரம் உங்களை நம்பாது.

6. முன் சில்லைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. நீளச் சட்டை, அபாயா, தொங்கும் சால்வை ஆகியன செயினில் சிக்கும். சுருக்கிக் கட்டி, செயின் கவரும் பூட்டிவிடுங்கள். தலைக்கவசம் அவசியம்.

8. அரை மணித்தியாலம் போதும். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

எட்டிலும் கஷ்டமானது கடைசியில் சொன்னதுதான். பெடலைக் கழற்ற ஸ்பானர் போதும். நம் வாயைக் கட்ட அது உதவாது. விழுந்த காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. நான் ஏசியது ஆற ஒரு வருடம் பிடித்தது.

குசினிச் சுவரில் சாத்திய சைக்கிளின் துருவைத் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். ஓகஸ்ட் மாதத்தில் மகள் அதிலேயே பாடசாலைக்குப் போனாள். முதல் வாரம் நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன். இரண்டாம் வாரம், "இனி நான் போவன் வாப்பா" என்றாள். எரிபொருள் வந்த பிறகும் அவள் ஓட்டோவில் ஏறவில்லை.

சென்ற மாதம் அவளுடைய தம்பி சைக்கிள் பழகத் தொடங்கினான். பெடலைக் கழற்றியது அவள்தான். ஒழுங்கையில் அவன் தள்ளாடத் தொடங்கியதும் பழைய பழக்கத்தில் நான் வாசலுக்கு ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"வாப்பா, நீங்க உள்ளுக்குப் போங்க. நான் இருக்கிறன்தானே."