குப்பை டிரம்மில் பிறந்த தாளம்

மும்பையில் தாராவி இருக்கிறது. மாகிம் ஒரு பக்கம். சயான் ஒரு பக்கம். மாட்டுங்கா பக்கத்தில்தான். நூறு வருஷத்துக்கு முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் ஜனங்கள் அங்கே போனார்கள். தோல் பதனிடும் வேலைக்குப் போனார்கள். அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள்.

தாராவியில் பழைய சாமான் தொழில் பெரிய தொழில். நகரம் வீசி எறிவதெல்லாம் அங்கே வரும். பிளாஸ்டிக், தகரம், அட்டை எல்லாம் வரும். அதைத் தரம் பிரிப்பார்கள், கழுவுவார்கள், மறுபடி விற்பார்கள். குப்பை பொறுக்குகிறவர்கள் இல்லாவிட்டால் மும்பை நாறிப்போகும். ஆனாலும் அவர்களுக்கு மரியாதை குறைவு. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் ஒரு வாத்தியக் குழுவில் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் 'தாராவி ராக்ஸ்'. குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்காகப் பாடுபடும் ஏகார்ன் என்ற அமைப்பு அதைத் தொடங்கியது. வக்கீல் வினோத் ஷெட்டி அந்த அமைப்பை நடத்தினார். வாத்தியம் வாங்கப் பணம் வேண்டாமா? வேண்டியிருக்கவில்லை. பிளாஸ்டிக் டிரம், பெயிண்ட் டப்பா, பாட்டில் எல்லாம் தெருவிலேயே கிடந்தன. அவைதான் வாத்தியம். பிள்ளைகள் அவற்றை அடித்து மேடை ஏறினார்கள். கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

டப்பாவில் எப்படி இசை வரும்? பெரிய டிரம்மைக் கவிழ்த்து அடித்துப் பாருங்கள். 'தொம்' என்று கனமாகக் கேட்கும். சின்ன டப்பாவை அடித்தால் 'டக்' என்று மேலே எழும்பும். நடுவில் அடித்தால் ஒரு சத்தம். ஓரத்தில் அடித்தால் வேறு சத்தம். இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் போதும். பாதிப் பாடம் முடிந்தது.

இப்படிச் செய்தவர்கள் தாராவிப் பிள்ளைகள் மட்டும் அல்ல. கடல் கடந்து திரினிடாட் என்று ஒரு தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து பலரை அடிமைகளாக அங்கே கொண்டுபோனார்கள். முரசு அடிப்பது அந்த ஜனங்களின் உயிர். முரசுச் சத்தம் கேட்டால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் அரசுக்குப் பயம். 1880களில் வெள்ளைக்கார அரசு முரசுக்குத் தடை போட்டது. ஜனங்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின்களைத் தட்டினார்கள். கடைசியில் எண்ணெய் டிரம்முக்கு வந்தார்கள். டிரம்மின் தலையைச் சுத்தியால் தட்டிக் குழி குழியாக்கினார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் பிறந்தது. முதலில் படித்தவர்கள் இதைப் போக்கிரிகளின் சத்தம் என்று ஏசினார்கள். 1951இல் அந்தக் குழு லண்டன் விழாவுக்குப் போய் வாசித்தது. 2024இல் அது அந்த நாட்டின் தேசிய வாத்தியம் என்று சட்டம் வந்தது.

நம் பறையின் கதையும் கொஞ்சம் இதுபோலத்தான். வட்டமான மரச் சட்டத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டுவார்கள். அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டுவார்கள். சூட்டில் தோலின் ஈரம் போகும். தோல் விறைக்கும். சத்தம் கணீர் என்று வரும். மூங்கில் குச்சி ஒன்று, கட்டையான குச்சி ஒன்று. இரண்டும் சேர்ந்து பேசும்.

சாவு வீட்டில் பறை அடிக்கச் சில ஜனங்களை மட்டும் கட்டாயப்படுத்தினார்கள். கூலி கொஞ்சம். அவமானம் அதிகம். "என் பிள்ளை இதைத் தொடக்கூடாது" என்று பல தகப்பன்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பிறகு வேறு ஒரு நியாயமும் வந்தது. கட்டாயத்துக்கு அடிப்பது வேறு. விரும்பி அடிப்பது வேறு. திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா 'சக்தி' என்ற மையத்தைத் தொடங்கினார். அங்கே பெண் பிள்ளைகள் பறையைக் கையில் எடுத்தார்கள். அதுவரை ஆண்கள்தான் பறை அடித்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் பல பேருக்குப் பறை கற்றுக்கொடுத்தவர். 2025இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஜெம்பே என்ற முரசு உண்டு. ஒரே மரத்தைக் குடைந்து ஆட்டுத் தோல் கட்டியது. குச்சி இல்லை. வெறும் கையால் அடிப்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்கும் முறையைக் கேளுங்கள். புத்தகம் கிடையாது. வட்டமாக நிற்பார்கள். ஆசான் ஒரு அடி அடிப்பார். மற்றவர்கள் அதையே திருப்பி அடிப்பார்கள். பிறகு கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு கூட்டம் ஒரு தாளம். இன்னொரு கூட்டம் வேறு தாளம். பக்கத்தில் நிற்பவனைக் கவனிக்காமல் அடித்தால் தாளம் குலையும். முரட்டுப் பையனும் காது கொடுத்துத்தான் ஆகவேண்டும். கூச்சப்படும் பெண்ணும் தன் அடியை விடமுடியாது. அவள் விட்டால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும்.

உங்கள் தெருவிலும் இதைச் செய்யலாம். நாலு டிரம் போதும். ஆனால் ஒன்று. மருந்து, ஆசிட் இருந்த டிரம்மை வாங்காதீர்கள். எத்தனை கழுவினாலும் வாங்காதீர்கள். தண்ணீர் டிரம், சமையல் எண்ணெய் டின் நல்லது. தகரத்தின் ஓரத்தை மடக்கித் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்கள் அடுத்த வீட்டில் இருப்பார்கள்.