தலையைத் தூக்காத சுகம்

நிலாவெளிக்குப் போகிறோம், புறாத்தீவுக்குப் படகு எடுக்கலாமா என்று கேட்பவர்கள், "நீச்சல் தெரியாதே, பரவாயில்லையா?" என்பதையும் கூடவே கேட்டுவிடுவார்கள். படகுக்காரர்கள் ஒரே சொல்லில் "பரவாயில்லை" என்பார்கள். நான் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். தேத்தண்ணியை ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காலம். கொழும்பில் குடை விரிக்கிற மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைதான் கிழக்குக் கடலுக்கு நல்ல பருவம். தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, காய்ந்த கச்சானாக நிலத்தின் மேலால் வந்து, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு இடமில்லை. தண்ணீர் தெளிந்து கிடக்கும். வாடை தொடங்கினால் கதை வேறு. அடுத்தது இடம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில், பெரிதும் சிறிதுமாய் இரண்டு தீவுகள். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இடம். அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். கூட்டம் சேர முதல் காலையிலேயே போய்விடுவது நல்லது. பயண விவரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் மூச்சு.

ஸ்நோர்க்கல் குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம், இரண்டு சென்ரிமீற்றர் விட்டம். ஒரு மீற்றர் நீளத்தில் செய்திருந்தால் இன்னும் கீழே கிடந்து பார்த்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். முடியாது. ஒரு மீற்றர் ஆழத்தில் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் தண்ணீர் கூடுதலாக 100 கிராம் பாரத்தோடு அழுத்துகிறது. நெஞ்சின் முன்பக்கம் ஓர் அடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டாலே 90 கிலோ ஆகிவிடும். குழாய் வழியே வருவதோ மேலே இருக்கிற சாதாரணக் காற்று. அந்தப் பாரத்தைத் தள்ளி நெஞ்சை விரித்து மூச்சை இழுக்க நம் தசைகளால் ஆகாது.

யானையால் ஆகும். கடலுக்குள் இறங்குகிறவர்களின் மூச்சுக் கருவியை யானையின் தும்பிக்கையோடு ஒப்பிட்டு அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2017 யூலையில் கொக்கிளாய்க் கடலுக்குள் அள்ளுண்டு போன ஒரு யானையையும், சில நாட்களில் திருகோணமலைக் கடலில் இரண்டு இளம் யானைகளையும் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்தார்கள். தும்பிக்கை மட்டும் மேலே தெரிய அவை நீந்திக்கொண்டிருந்தன. நம் நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடத்தை இழையம் ஒட்டி நிரப்பியிருக்கிறது. ஆழத்தில் கிடந்தபடி மேற்காற்றை இழுக்கும் பாட்டை அது தாங்குவது அதனால்தான் என்பது உடலியலாளர் ஜோன் வெஸ்டின் விளக்கம்.

குழாய் குட்டையாக இருப்பதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. புதிதாக இறங்குகிறவர்கள் பதறுவதற்கு முக்கால்வாசி அதுதான் காரணம் என்பது என் எண்ணம். நாம் வெளியே விடும் மூச்சின் கடைசிப் பங்கு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே வருவது அந்தப் பாவித்த காற்று. குழாய் பிடிப்பது 125 மில்லிலீற்றர் அளவு. தொண்டையும் மூச்சுக்குழாயும் ஏற்கெனவே 150 மில்லிலீற்றர் போலப் பிடித்து வைத்திருக்கின்றன. அமைதியாக அரை லீற்றரோ அதற்கு மேலோ இழுத்தால் புதுக்காற்று போதியளவு கிடைக்கும். பயத்தில் நாய்க்குட்டி மாதிரிச் சின்னச் சின்னதாக இழுத்தால், பழைய காற்றுத்தான் போய்ப் போய் வரும். மூச்சு முட்டும். முட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் மூச்சு இன்னும் சுருங்கும். ஆகவே வேறு எதையும் பழகாவிட்டாலும் இதைப் பழகுங்கள்: மெதுவாக, ஆழமாக, வெளியே விடுவதை நீட்டி. இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில் நின்றபடி, முகத்தை மட்டும் கவிழ்த்துப் பத்து நிமிடம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் தலையைத் திருப்பி மூச்செடுத்துப் பழகிய அவர்கள்தான் இங்கே சும்மா கிடக்க அதிகம் சிரமப்படுவார்கள்.

சும்மா கிடப்பதில்தான் முழுச் சுகமும். தலையைத் தூக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் இன்னும் நன்றாக ஏந்தும். லைஃப் ஜாக்கெட் போட்டால் மூழ்க நினைத்தாலும் முடியாது. ஆனால் ஜாக்கெட் மிதக்க வைக்குமே தவிர, நீரோட்டம் இழுத்தால் திரும்பக் கொண்டுவராது. நீச்சல் தெரியாதவர் வழிகாட்டியின் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். நான் இழுத்துச் சொல்கிற பதில் இதுதான்.

கண்ணாடி பற்றிக் கொஞ்சம். வெறுங்கண்ணைத் தண்ணீருக்குள் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குக் காரணம் உப்பு அல்ல. ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் கண்ணின் முன்னால் உள்ள வளைந்த தெளிந்த படலம் செய்கிறது. காற்றிலிருந்து அந்தப் படலத்துக்குள் நுழையும்போது ஒளி வளைகிறது. தண்ணீரும் அந்தப் படலமும் ஒளிக்குக் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே வளைவு இல்லை, குவிவும் இல்லை. கண்ணாடி செய்வதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைத் திருப்பி வைப்பது. அதற்குக் கூலியாக, பார்ப்பது எல்லாம் முக்கால் தூரத்துக்குக் கிட்ட வந்து, மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். சுறாக் கதைகளைக் கேட்கும்போது இதை மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

புறாத்தீவில் சுறா உண்டு. செட்டை நுனியில் கறுப்புப் பொட்டு வைத்த பாறைச் சுறா. வளர்ந்தால் ஒன்றரை மீற்றர். ஆழமில்லாத தண்ணீரில் திரியும், ஆளைக் கண்டால் விலகிப் போகும். சும்மா கிடந்தால் கொஞ்சம் கிட்ட வரும், துரத்தினால் காணாமலே போய்விடும். உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பெரிய கிளாத்தி மீனிடம். முட்டை காக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் முழுவதையும், மேலே போகப் போக அகலமாக, அது தன்னுடையதாக நினைக்கும். பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி வந்தால் பக்கவாட்டில் விலகிப் போய்விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் முருகைக்கல், அதாவது பவளம், என்றால் மதிலும் சுண்ணாம்புச் சூளையும்தான் நினைவுக்கு வரும். அது உயிரோடு எப்படி இருக்கும் என்று பாராமலே தலைமுறைகள் சுட்டு விற்றன. ஒவ்வொரு கிளையின் மேலும் குண்டூசித் தலையளவில், வாயுள்ள ஆயிரக்கணக்கான சின்னப் பிராணிகள். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதுதான் அவற்றின் முக்கியச் சாப்பாடு. பவளத்தின் நிறத்திலும் பெரும்பங்கு அந்தப் பாசியுடையது. கடலின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, வாரக்கணக்கில் நின்றுவிட்டால் போதும், பாசி வெளியேறி, கல் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். உலகம் முழுவதும் பரவிய நான்காவது வெளிறல் 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. கடலின் சூட்டை நம் கையால் குறைக்க முடியாது. காலை வைக்காமல் இருக்கலாம். கிளைவிடும் பவளம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும், உருண்டைப் பவளம் ஒரு சென்ரிமீற்றர் அளவே. மூச்சு முட்டிப் பதறி எழுந்து நிற்கிற ஒரு ஆளின் ஒரு மிதி போதும். மூச்சுப் பழக்கத்தை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

காதையும் கொண்டுபோங்கள். தண்ணீருக்குள் மௌனம் இல்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்த சத்தத்தை எழுப்புவன சொடுக்கு இறால்கள். இடையிடையே "கறுக், கறுக்" என்று கேட்டால், கிளிமீன் கல்லைக் கடிக்கிறது. பற்கள் ஒன்றாய்ச் சேர்ந்து அலகான மீன் அது. கல்லைச் சுரண்டிப் பாசியைத் தின்று, கல்லைத் தொண்டையில் இன்னொரு சோடிப் பல்லால் அரைத்து, பின்னால் வெள்ளை மணலாக விட்டுவிட்டுப் போகும். தீவைச் சுற்றி நீங்கள் காலாற நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு கிளிமீனின் வயிற்றுக்குள்ளால் வந்தது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து என்று மட்டும் பிடிபடாது. காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீரில் சத்தம் போவதால், இரண்டு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம் மூளைக்குப் போதாமல் போகிறது. எல்லாப் பக்கத்திலும் கிளிமீன் இருப்பதாகத் தோன்றும்.

சின்ன விஷயங்கள் சில. நீந்தும் கண்ணாடி உதவாது. மூக்கையும் மூடுகிற கண்ணாடி வேண்டும். கீழே போனால் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்த அதுதான் வழி. கண்ணாடியின் உள்பக்கம் புகார் பிடிக்காமலிருக்க எச்சிலைத் தடவி அலசினால் போதும். அருவருப்பு என்றால் பிள்ளைகளின் ஷாம்பூ ஒரு துளி. முதுகு வெந்துபோகும். கிறீம் பூசலாம், ஆனால் சில வெயில் கிறீம்களில் உள்ள இரண்டு இரசாயனங்களைப் பவளத்தை முன்னிட்டு ஹவாய் 2021 முதல் விற்கவே விடுவதில்லை. நீளக்கை ரீசேர்ட் ஒன்று போட்டுக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை.

மீசை உள்ளவர்களுக்குக் கண்ணாடியின் கீழ்விளிம்பால் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வசிலின் பூசிப் பார்க்கலாம். சிரித்தாலும் கசியும், கன்னம் மடிந்து விளிம்பு விலகுவதால். முதல் தடவை கீழே பார்க்கும்போது எல்லோருக்கும் சிரிப்பு வரும். பதற வேண்டாம். நிமிர்ந்து, கீழ்விளிம்பை விரலால் இலேசாக விலக்கி, தண்ணீரை வடியவிட்டு, மறுபடி கவிழுங்கள்.