பலகைக்குள் ஒரு நெசவு

வெள்ளகோவிலில் விசைத்தறி ஓடுவதைப் பார்த்ததுண்டா? பாவு நீளவாக்கில் செல்லும். ஊடை குறுக்கே பாயும். அதனால் துணி இரு திசையிலும் உறுதி பெறுகிறது. வீட்டில் புத்தக அலமாரி செய்ய வாங்கும் பிளைவுட் எனும் ஒட்டுப்பலகையிலும் ஏறக்குறைய இதே தத்துவந்தான்.

மரம் ஈரத்தில் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். பச்சை மரம் முற்றும் உலர்கையில் நார் ஓடும் திசையில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையிலோ பல மரங்கள் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். தனிப்பலகை கோணுவது இதனால்தான்.

கேரளத்துப் பெரும்பாவூர் ஆலைகளில் ரப்பர் மரக்கட்டையைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல் மெல்லிய தகடுகளாக உரிக்கிறார்கள். அடுத்தடுத்த தகடுகளின் நார்கள் செங்குத்தாக அமையுமாறு அடுக்கி, பசையிட்டுச் சூட்டில் அழுத்துகிறார்கள். ஒரு தகடு விரிய முயன்றால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். அடுக்குகள் 3, 5, 7 என ஒற்றைப்படையில் இருப்பதேன்? நடு அடுக்கின் இருபுறமும் விசைகள் சமமானால்தான் பலகை வளையாது.

கடையில் மேற்பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். அங்கே இடைவெளியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடோ இருந்தால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எண்ணையும் படியுங்கள்: 303 பொது உபயோகத்துக்கு, 710 நீர் படும் இடத்துக்கு. 710 வகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்கவேண்டும்.

ஒரு சோதனை செய்வோமா? கடைக்காரரிடம் சிறு துண்டு கேட்டு வாங்கி, ஒருநாள் நீரில் ஊறவிடுங்கள். தடிமன் சற்றுக் கூடலாம். அத்திசையில் இழுத்துப் பிடிக்க நார் இல்லையல்லவா? ஆனால் அடுக்குகள் பிரிந்தால், அந்தப் பலகைக்குக் காசு கொடுக்காதீர்கள்!