சர்ப்பகந்தி வேரும் இரத்தக் கொதிப்பும்

1931-ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர் இருவர் ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு’ என்னும் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவர் கணநாத சேன். ஆயுர்வேத மரபில் வந்த கவிராஜர், மேனாட்டு மருத்துவமும் கற்றவர். மற்றவர் கார்த்திக் சந்திர போஸ். சித்தப் பிரமை கொண்டோரை அமைதிப்படுத்த வங்காளத்திலும் பீகாரிலும் நாட்டுப்புறத்தார் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றியது அக்கட்டுரை. பீகாரில் இவ்வேருக்குப் ‘பைத்திய மருந்து’ என்றே பெயர். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை, அதாவது ஏறத்தாழ 1.3 முதல் 2 கிராம் வரை, நாளுக்கு இருமுறை கொடுத்தால் உறக்கம் வருவதோடு உயர்ந்த இரத்த அழுத்தமும் தணிகிறது என்று அவர்கள் அறிவித்தனர்.

இதன் சிறப்பை உணர, இரத்த அழுத்தம் இன்னதென்று தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இதயம் சுருங்கும்பொழுது இரத்தம் நாடிகளுக்குள் தள்ளப்படுகிறது; அவ்வேளையில் நாடிச் சுவரின்மீது உண்டாகும் விசை மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும் நேரத்தில் எஞ்சி நிற்கும் விசை கீழ் அளவு. 120/80 என்று எழுதுவது பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படும் இவ்விரண்டு அளவுகளையே ஆகும். சிறு நாடிகளின் தசைகள் இறுகிக் குழாய் குறுகினால் அழுத்தம் ஏறுகிறது. இந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் நாடிகள் சிதைவுறுகின்றன.

மக்கள் வழக்கில் இது ‘இரத்தக் கொதிப்பு’ எனப்படுகிறது. பெயர் பொருத்தமானதன்று, இரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. கோபக்காரருக்கே இந்நோய் வரும் என்ற எண்ணத்தை இச்சொல் வளர்த்துவிட்டது. சாந்தமானவர், தலைவலியோ மயக்கமோ அறியாதவர், தமக்கு இந்நோய் இராது என்று நம்பி அளந்து பார்க்காமலே இருந்துவிடுகிறார். பெரும்பாலோர்க்கு இந்நோய் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை.

கல்கத்தாவில் தொடங்கிய வேலை அங்கேயே தொடர்ந்தது. வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய துணைவர்களும் வேரிலிருந்து எடுத்த ஒரு காரப்பொருளை விலங்குகளில் ஆராய்ந்து, 1933-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி இவ்வேரிலிருந்து அஜ்மலைன் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேனாடுகளின் கவனம் இதன்மீது திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ‘ரிசர்பின்’ என்னும் முக்கிய மருந்துப்பொருளைத் தனியே பிரித்தனர். கல்கத்தாக் கட்டுரைக்கும் இதற்கும் இடையே இருபத்தோராண்டுகள் கழிந்திருந்தன.

ரிசர்பின் செயற்படும் விதம் அறியத்தக்கது. நாடித் தசைகளை இறுகச் செய்யும் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்னும் பொருள் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அப்பைகள் நிரம்பாதவாறு ரிசர்பின் தடுக்கிறது. சேமிப்பு குறையக் குறைய நாடிகள் தளர்கின்றன. இதற்குப் பல நாள்கள் தேவை. மருந்தை நிறுத்தினாலும் விளைவு உடனே அகலாது. ஆனால் இதே செயல் மூளையிலும் நிகழ்வதால், மிகுந்த அளவு உண்டோரில் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். மூக்கடைப்பும் நாடித் துடிப்பு மந்தமாதலும் கூடவே வந்தன. ஆகவே இன்று இது முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவதில்லை. எனினும் இதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறையும் என்பதை 1967-லும் 1970-லும் மெய்ப்பித்த அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை ஆய்வில், கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ரிசர்பினும் ஒன்று.

இக்காலத்தில் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், குளோர்தாலிடோன் போன்ற மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. 2017-இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, இவற்றை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைக்கச் செய்வதை நோக்கமாகக் கொண்டது. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் நோய் உறுதி என்பது பொது விதி.

அளக்கும் முறையில் நேரும் பிழைகள் பல. வந்தவர் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய அமர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் தேநீர், புகையிலை கூடாது. கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க, பட்டையை வெறுங்கையின்மீது சுற்றுதல் வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அளக்கையில் பேச்சு ஆகாது. ஒருமுறை அளந்து முடிவு கூறுவதும் ஆகாது. உணவில் உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு உட்பட்டிருத்தல் நலம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை வீட்டார் எளிதில் மறந்துவிடுவர்.

களப்பணியாளர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: “அழுத்தம் இறங்கிவிட்டதே, இன்னும் மாத்திரை எதற்கு?” 130/80 என்பது மாத்திரையோடு கூடிய அளவு, நிறுத்தினால், பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய அளவு திரும்பும். குடும்பத்தில் ஒருவர் பக்கவாதத்தால் விழுந்த பின்னர்தான் பலர் மாத்திரையை மீண்டும் எடுக்கிறார்கள். அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

சர்ப்பகந்திப் பொடியைச் சந்தையில் வாங்கித் தாமே உண்போரும் உளர். வேருக்கு வேர் மருந்துப்பொருளின் அளவு வேறுபடும். அதே இனத்தைச் சேர்ந்த பிற செடிகளின் வேர்கள் கலக்கப்படுவதும் உண்டு. ஒருவர் இப்பொடியையும் மாத்திரையையும் சேர்த்து உண்பாராயின், அதை மருத்துவரிடம் தெரிவிக்கச் செய்தல் வேண்டும். செடியும் காடுகளில் அருகிவிட்டது. வேருக்காகவே முழுச்செடியும் பிடுங்கப்படுவதால் நேர்ந்தது இது. 1990 முதல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சர்ப்பகந்தி இடம்பெற்றுள்ளது.