இறால் தீவனத்தில் மூலிகைச் சாறுகள்

இறால் தீவனத்தில் மூலிகைச் சாறு சேர்த்தல் என்பது, வளர்ப்பு இறால்களின் நோய் எதிர்ப்புத் திறனைக் கூட்டுவதற்காக, தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த சாறுகளை அவற்றின் உணவில் கலந்து கொடுக்கும் முறையாகும்.

தேவை

இறால் பண்ணைகளுக்குப் பேரிழப்பைத் தருவது வெண்புள்ளி நோய். இது வைரசால் வருகிறது. நோய் கண்ட குளத்தில் 3 முதல் 10 நாட்களுக்குள் இறால்கள் அனைத்துமே இறந்துவிடக்கூடும். உழைப்பும் முதலீடும் ஒருசேரப் போய்விடும். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கு எதிரானவை. வைரசிடம் அவை பலிக்காது. விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் தாக்கும்போதும் அவற்றை விருப்பம்போல் பயன்படுத்த இயலாது. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்றவை இந்தியாவில் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டுள்ளன. இவற்றின் எச்சம் காணப்பட்டால் வெளிநாடுகள் சரக்கை ஏற்க மறுக்கின்றன.

இறாலின் இயற்கைப் பாதுகாப்பு

மனித உடல் ஒரு கிருமியை நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. தடுப்பூசி இதன் அடிப்படையில்தான் செயல்படுகிறது. இறாலால் எதிர்ப்பொருளை உருவாக்க முடியாது. அதன் குருதி அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. மெலனின் என்ற கருநிறப் பொருளால் சூழ்ந்தும் அடக்குகின்றன. இந்த உள்ளார்ந்த பாதுகாப்பைத் தூண்டுவதே மூலிகைகளின் முதன்மை நோக்கம்.

ஓர் ஆய்வு

2006-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் அருகம்புல், வில்வம், சீந்தில், கடுகுரோகிணி, கரிசலாங்கண்ணி ஆகிய ஐந்தின் மெத்தனால் சாறுகள் சம அளவில் கலக்கப்பட்டன. ஒரு கிலோ தீவனத்துக்கு 100, 200, 400, 800 மி.கி. என நான்கு அளவுகளில் இக்கலவை சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள கறுப்புப் புலி இறால்களுக்கு 25 நாட்கள் கொடுக்கப்பட்டது. பின்னர் அவற்றுக்கு வெண்புள்ளி வைரசு செலுத்தப்பட்டது. சாறு சேர்க்காத தீவனம் உண்டவை 7 நாட்களுக்குள் இறந்தன. 800 மி.கி. அளவில் உண்டவற்றுள் 74 விழுக்காடு பிழைத்தன. அவற்றின் உடலில் வைரசின் அளவும் குறைந்திருந்தது.

வரம்புகள்

ஆய்வுக்கூடத் தொட்டியும் திறந்த குளமும் ஒன்றல்ல. மண், பருவம், பறிக்கும் காலம் ஆகியவற்றுக்கேற்ப மூலிகையின் வேதிப்பொருள் அளவு மாறும். எனவே ஒரே அளவுச் சாறு எப்போதும் ஒரே பலனைத் தராது. இறால் மெதுவாகக் கொறித்துத் தின்பதால், சரியாக ஒட்டாத சாறு நீரில் கரைந்து வீணாகும். மேலும், நோய் முற்றிய இறால் தீவனமே எடுக்காது. ஆகவே இது நோய் வருமுன் கையாள வேண்டிய முறை. பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சுகளை விடுதல், நண்டுகள் குளத்தில் நுழையாமல் தடுத்தல், நீரின் தரம் காத்தல் ஆகியவற்றுக்கு இது துணையே தவிர மாற்று அன்று.