இரைப்பைப் புற்றுநோயில் பாக்டீரியாவின் பங்கு என்ன? தொற்று பரவலாக இருந்தும் பாதிப்பு வேறுபடுவது ஏன்?

திருவனந்தபுரம்: இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றித் தங்கியிருக்கும் ஒரு பாக்டீரியாதான் உலகில் இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் என்பது உறுதிப்படுத்தப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எனினும், தொற்றுக்கு உள்ளானவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே புற்றுநோய் ஏற்படுவது ஏன், தொற்று பரவலாகக் காணப்படும் இந்தியாவில் பாதிப்பு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுவது ஏன் ஆகிய கேள்விகள் இன்றும் ஆய்வுக்கு உரியனவாகவே உள்ளன.

இந்த ஆய்வுகளில் கேரளத் தலைநகருக்கும் பங்கு உண்டு. 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையமும், கழக்கூட்டத்தில் ஒரு வளாகத்தைக் கொண்டுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் இந்நகரில் செயல்படுகின்றன. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் இரண்டாவது மையத்தில், புற்றுநோய், நோய்க்கிருமிகள் ஆகிய இரு துறைகளிலும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

பாதிப்பின் அளவு

2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் ஓராண்டில் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். புதிய பாதிப்புகளின் எண்ணிக்கையிலும் உயிரிழப்பிலும் இது உலக அளவில் ஐந்தாவது இடத்தில் உள்ளது. பெரும்பாலானோருக்கு நோய் முற்றிய பிறகே கண்டறியப்படுவது உயிரிழப்பு அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம்.

கண்டறியப்பட்ட விதம்

கடும் அமிலம் சுரக்கும் இரைப்பையில் எந்த பாக்டீரியாவும் நிலைத்து வாழ முடியாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த ராபின் வாரன், இரைப்பை அழற்சி கொண்டவர்களின் திசு மாதிரிகளில் சுருள் வடிவ பாக்டீரியாக்கள் தொடர்ந்து தென்படுவதைக் கவனித்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்கள் ஆய்வகத்தில் விடப்பட்ட வளர்ப்புத் தட்டில் அந்த பாக்டீரியா முதன்முறையாக வளர்ந்தது. பின்னர் அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயரிடப்பட்டது.

தமது கூற்றை நிறுவுவதற்காக 1984-இல் மார்ஷல் அந்த பாக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே அருந்தினார். சில நாள்களில் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. 2005-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவில் இந்தத் தொற்றைச் சேர்த்தது.

பாக்டீரியா செய்வது என்ன?

ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. இது யூரியாவைப் பிரித்து அம்மோனியாவை உண்டாக்குவதால், பாக்டீரியாவைச் சுற்றியுள்ள அமிலம் தணிகிறது. பின்னர் அது தன் கசையிழைகளின் உதவியால் இரைப்பைச் சுவரை மூடியுள்ள சளிப்படலத்துக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது.

தீவிரமான வகைகள், காக்-ஏ என்னும் புரதத்தை ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியே இரைப்பை உயிரணுக்களுக்குள் செலுத்துகின்றன. அந்தப் புரதம் உயிரணுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளைக் குலைக்கிறது. வாக்-ஏ என்னும் மற்றொரு நச்சு உயிரணுக்களைச் சிதைக்கிறது. இவற்றை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் முயற்சியே தீராத அழற்சியாக மாறுகிறது.

நாள்பட்ட அழற்சியால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிகின்றன. அடுத்த கட்டத்தில் இரைப்பையின் உட்சுவர், குடலின் உட்சுவரைப் போல உருமாறுகிறது. அதன்பின் இயல்பு பிறழ்ந்த உயிரணுக்கள் தோன்றி, இறுதியில் புற்றுநோயாகின்றன. பெலாயோ கொரேயா என்னும் நோய்க்குறியியல் அறிஞர் விளக்கிய இந்தப் படிநிலை மாற்றங்கள் நிறைவடையப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஏற்பட்டும், புற்றுநோய் நடுவயதிலோ முதுமையிலோ வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்து 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இத்தொடர்பைத் தெளிவாக்கியது. தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் ஏற்பட்டது. தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட ஏற்படவில்லை.

பிற பாக்டீரியாக்கள்

அமிலச் சுரப்பு குறைந்துபோன இரைப்பையில், வழக்கமாக அங்கு வாழ இயலாத வேறு பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. அவற்றில் சில, உணவிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாகவும், அதன்வழி புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசோ சேர்மங்களாகவும் மாற்றவல்லவை. வாய்ப்பகுதியில் காணப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்னும் பாக்டீரியா, எலிகளின் இரைப்பையில் அழற்சியையும் கட்டி வளர்ச்சியையும் தூண்டியதாக ஹாங்காங் ஆய்வாளர்கள் 2024-இல் தெரிவித்தனர். மனிதர்களில் இதன் பங்கு இன்னும் உறுதி செய்யப்படவில்லை.

இந்தியாவின் புதிர்

பாக்டீரியா மட்டுமே காரணம் எனில், தொற்று பரவலாக உள்ள எல்லாப் பகுதிகளிலும் புற்றுநோயும் அதே அளவில் இருக்க வேண்டும். இந்தியாவில் நிலைமை அவ்வாறு இல்லை. வயதுவந்தோரில் பெரும்பகுதியினருக்குத் தொற்று இருந்தும், நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் இரைப்பைப் புற்றுநோய் விகிதம் ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளைவிடக் குறைவு. ஆய்வாளர்கள் இதனை இந்தியாவின் புதிர் என்று குறிப்பிடுகின்றனர்.

பாக்டீரியாவின் வகை ஒரு காரணமாக இருக்கலாம். கொல்கத்தாவில் சேகரிக்கப்பட்ட மாதிரிகள், கிழக்காசிய வகைகளிலிருந்து மரபணு அளவில் வேறுபட்டவை என்று ஆசிஷ் முகோபாத்யாய், பாலகிருஷ் நாயர் உள்ளிட்டோர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிழக்காசிய வகைகளின் காக்-ஏ புரதம் உயிரணுக்களில் கூடுதல் பாதிப்பை ஏற்படுத்தக்கூடியது.

உணவும் பழக்கங்களும் மற்றொரு காரணம். நாட்டில் இந்நோய் மிக அதிகமாகப் பதிவாகும் பகுதிகளில் ஒன்று மிசோரமின் ஐஸால் மாவட்டம். புகையிட்டு உலர்த்திய இறைச்சி, உப்பிட்ட மீன், புகையிலைப் புகை செலுத்தப்பட்ட துய்பூர் என்னும் நீர் ஆகியவற்றின் பயன்பாட்டுடன் அங்கு நோய்க்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தென்னிந்தியாவில் சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நீண்டகாலமாக முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்றாக இருந்து வருவதை அடையாறு புற்றுநோய் நிறுவனம் பராமரிக்கும் பதிவேடு காட்டுகிறது.

திருவனந்தபுரத்தில் மேற்கொள்ளப்பட்டு 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மிளகாய் மிகுந்த உணவு, மிகுந்த சூட்டில் உண்ணும் பழக்கம், அதிக அளவு சோறு ஆகியவை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இத்தகைய ஒப்பீட்டு ஆய்வுகள் தொடர்பை மட்டுமே சுட்டுகின்றன. அந்த உணவே நோயை உண்டாக்கியது என்பதற்கு அவை சான்றாகா.

சிகிச்சையால் தடுக்க முடியுமா?

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் 1995-இல் இரண்டு வாரங்கள் மட்டும் அளிக்கப்பட்ட பாக்டீரியா ஒழிப்புச் சிகிச்சையின் பலன் 22 ஆண்டுகளுக்குப் பிறகு மதிப்பிடப்பட்டது. சிகிச்சை பெற்றவர்களிடம் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தவர்களிடம் கொரியாவில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்விலும் இதே போன்ற பலன் காணப்பட்டது. உட்சுவர் உருமாறுவதற்கு முன்பே சிகிச்சை அளித்தால் பலன் அதிகம்.

2008 முதல் 2017 வரை பிறந்தவர்களில் சுமார் 1 கோடியே 56 லட்சம் பேருக்கு வாழ்நாளில் இரைப்பைப் புற்றுநோய் ஏற்படக்கூடும் என்றும், அவற்றில் 76 சதவீதத்துக்கு இந்த பாக்டீரியாவே காரணமாக இருக்கும் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2025-இல் மதிப்பிட்டது. இதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசியாவைச் சேர்ந்தது.

ஆனால் தொற்றுள்ள அனைவருக்கும் மருந்து அளிப்பது எளிதல்ல. தொற்று உள்ளவர்களில் சுமார் 1 முதல் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே புற்றுநோய் ஏற்படுகிறது. தேவையற்ற பயன்பாடு மருந்து எதிர்ப்புத் திறனை வளர்க்கும். கிளாரித்ரோமைசின் மருந்துக்குக் கட்டுப்படாத ஹெலிகோபாக்டர் பைலோரியை, புதிய மருந்துகள் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பு 2017-இல் சேர்த்தது. இந்தியாவில் மெட்ரோனிடசோல் மருந்துக்கும் எதிர்ப்பு பரவலாக உள்ளது.

யார் கவனிக்க வேண்டும்?

குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களும், இரைப்பைப் புண் உள்ளவர்களும் மருத்துவரின் ஆலோசனையுடன் பரிசோதித்துக் கொள்ளலாம். மூச்சுக்காற்றுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, உள்நோக்கி மூலம் எடுக்கப்படும் திசுப் பரிசோதனை ஆகியவற்றால் தொற்றைக் கண்டறியலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால், தொற்று இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எனவே அவற்றைப் பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நான்கு வாரங்களுக்கு முன்பும் மருத்துவர் கூறியபடி நிறுத்த வேண்டும்.

காரணமின்றி உடல் எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், ரத்த வாந்தி, கருநிற மலம், ரத்தசோகை, சிறிதளவு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல் ஆகிய அறிகுறிகள் இருப்பின், கடைகளில் மாத்திரை வாங்கி உட்கொண்டு காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். சிகிச்சை தொடங்கப்பட்டால், பெரும்பாலும் 14 நாள்களுக்கு அளிக்கப்படும் மருந்துகளை இடையில் நிறுத்தாமல் உட்கொள்வதும், குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் பரிசோதித்து பாக்டீரியா நீங்கியதை உறுதி செய்துகொள்வதும் அவசியம்.